சுண்டெலி கற்பித்த பாடம்

பாட்டன் தேடிய நிலம் பேரனுக்கு வருவதுபோல, பாட்டன் கொண்ட நோயும் சில குடும்பங்களில் பேரனை வந்தடைகிறது. அத்தகைய நோய்களுள் ஒன்று ஹண்டிங்டன் நோய். பெரும்பாலும் நாற்பது வயதையொட்டி, பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் காலத்தில் அது தலைகாட்டும். கைகால்கள் தாமே துள்ளும், நடை தள்ளாடும், நாளடைவில் அறிவும் மங்கும். பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய்க்குரிய மரபணு இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதி.

இதனை 1872ஆம் ஆண்டில் தெளிவாக எழுதியவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்க மருத்துவர். அப்போது அவருக்கு வயது 22. அத்துணை இளைஞர் பல தலைமுறைகளின் நோயை எங்ஙனம் அறிந்தார்? லாங் தீவில் அவர் தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்கள். அவர்கள் கண்ட குடும்பங்களையே அவரும் கண்டார். பரம்பரை நோயை அறியவும் ஒரு பரம்பரை வேண்டியிருந்தது!

1993இல் நோய்க்குக் காரணமான மரபணு அகப்பட்டது. வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரை மக்கள் அளித்த இரத்தம் அதற்குப் பெருந்துணை புரிந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோன் கைதவறி ஒரே சொல்லை அடுக்கடுக்காக எழுதிவிட்டாற்போல, அம்மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுமீறி அடுக்கியிருந்தது. நாற்பது முறைக்கு மேற்படின் நோய் தப்பாது.

காரணம் தெரிந்தது, அது மூளையில் என்ன செய்கிறது? உயிருள்ள மனிதனின் மூளையை அறுத்துப் பார்க்க இயலாது; இறந்தபின் பார்த்தாலோ, போர் முடிந்த களத்தையே காண்கிறோம். போரின் தொடக்கத்தைக் காண வேண்டுமே! ஏறத்தாழ ஈராண்டே வாழும் சுண்டெலி இங்கே உதவிற்று.

லண்டனில் கில்லியன் பேட்ஸ் அம்மையாரின் குழுவினர் மனித மரபணுவின் ஒரு துண்டை எலிகளுக்குள் புகுத்தினர். அத்துண்டில் அத்தொடர் ஏறத்தாழ 150 முறை அடுக்கியிருந்தது. தலைமுறை தோறும் அடுக்கு எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்பதே அவர்கள் கருத்து. ஆனால், எலிகளே நோயுற்றன! இரண்டு மாதத்தில் நடுக்கம், பிறகு மெலிவு, விரைவில் மரணம். 1996இல் இச்செய்தி வெளியாயிற்று. மறு ஆண்டு, அவற்றின் நரம்பணுக்களின் உட்கருவில் புரதக் கட்டிகள் காணப்பட்டன. மனித மூளையிலும் அவை இருப்பது பின்னர்ப் புலனாயிற்று. என்னை மிகவும் சிந்திக்க வைத்தது மற்றொன்று: அவ்வெலிகள் நடுங்கத் தொடங்கியபோது நரம்பணுக்கள் பெரும்பாலும் இறந்திருக்கவில்லை. நோயுற்றுத்தான் இருந்தன.

இறந்தது மீளாது, நோயுற்றது மீளலாம் அன்றோ? நியூயார்க்கு நகரக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்தனர். மருந்து கொடுத்தால் தீய மரபணு அடங்குமாறு வேறொரு வகை எலியை உருவாக்கினர். நோய் கண்டபின் மருந்தளித்தனர். கட்டிகள் மறைந்தன, இயக்கமும் தேறிற்று. அது 2000ஆம் ஆண்டு. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், கூண்டில் விளையாட்டுப் பொருள்கள் பெற்ற எலிகளுக்கு நோய் தாமதமாகவே வந்தது.

இவ்வெற்றிகளின் வழியே மனிதருக்கும் மருந்து வகுக்கப்பட்டது. தீய புரதத்தைக் குறைக்க முதுகுத்தண்டு நீரில் செலுத்திய டோமினெர்சென் என்னும் மருந்தின் பெருஞ்சோதனை, பயன் காணாமையால் 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. எலியின் மூளை ஏறக்குறைய அரை கிராம். நம்முடையதோ 1,400 கிராம். எலிக்கு இரண்டு மாதத்தில் வந்த நோய், நமக்கு நாற்பது ஆண்டு மறைந்திருந்து வருகிறது. அந்த நாற்பது ஆண்டுகளுள் எப்போது மருந்தைத் தொடங்குவது என்பதை இரண்டு மாத எலி எங்ஙனம் சொல்லும்?