வெள்ளைத் துவிச்சக்கரவண்டியும் நகரத்தின் செலவுக்கணக்கும்

குளம் வெட்டியவன் பெயரை நாம் எளிதில் நினைவிற் கொள்கின்றோம். ஆண்டுதோறும் அதிலே தூரெடுத்தவர் யார், அதற்கான செலவு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. பொதுப்பொருள் ஒன்றை ஆக்குதல் வேறு, அதனைப் பேணுதல் வேறு. இவ்வேறுபாட்டை ஐரோப்பிய நகரங்கள் சில, குளத்தை வைத்தன்றித் துவிச்சக்கரவண்டியை வைத்துக் கற்றுக்கொண்டன. ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கால எல்லையுள் நிகழ்ந்த அவ்வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

தொடக்கம் ஒல்லாந்து தேசத்திலாகும். கோட்டையினாலும் 1707ஆம் ஆண்டுத் தேசவழமைத் தொகுப்பினாலும் யாழ்ப்பாணத்தவர்க்கு நன்கு அறிமுகமான அதே ஒல்லாந்தரின் தலைநகராகிய அம்ஸ்ரடாமிலே, 1965ஆம் ஆண்டில், 'புரோவோ' என்னும் பெயருடன் இளைஞர் குழு ஒன்று தோன்றியது. மோட்டார் வாகனங்கள் நகரின் நடுப்பகுதியை நெருக்கி அழிக்கின்றன என்பது அவர்தம் முறைப்பாடுகளுள் ஒன்று. அக்குழுவினைச் சேர்ந்த லூட் ஸ்கிம்மல்பெனிங் என்பவர் அதற்கு மாற்றாக 'வெள்ளைத் துவிச்சக்கரவண்டித் திட்டம்' ஒன்றை வகுத்தார். நகரின் நடுப்பகுதியில் மோட்டார் வாகனங்களைத் தடைசெய்தல் வேண்டும். மாநகரசபை ஆண்டுதோறும் 20,000 வெள்ளை வண்டிகளை வாங்கித் தெருவில் விடுதல் வேண்டும். அவற்றுக்குப் பூட்டு இராது. வேண்டியவர் ஏறிச்சென்று, சேருமிடத்தில் அடுத்தவர்க்காக விட்டுச்செல்லலாம். இதுவே திட்டத்தின் சாரம்.

இத்திட்டத்தை வெறுங் கனவென்று ஒதுக்குவோர் அதனோடு ஒரு கணக்கும் இருந்ததை மறந்துவிடுகின்றனர். ஒருவர் ஒரு கிலோமீற்றர் பயணஞ் செய்வதற்குப் பொதுப் போக்குவரத்தின் பொருட்டு மாநகரசபை செலவிட்ட தொகையில், வெள்ளை வண்டிக்கு வேண்டியது பத்திலொரு பங்கே என்பது ஸ்கிம்மல்பெனிங் காட்டிய கணக்காகும். அக்கணக்கு முற்றுஞ் சரியோ பிழையோ, பொதுப் பேருந்துக்கும் தண்டவாள வண்டிக்கும் அரசிறைப் பணம் செல்லுமாயின் துவிச்சக்கரவண்டிக்கு ஏன் செல்லலாகாது என்னும் வினாவை முதன்முதல் எண்களோடு எழுப்பியது அதுவே.

மாநகரசபை திட்டத்தை ஏற்கவில்லை. குழுவினர் தாமே சில வண்டிகளுக்கு வெண்ணிறம் தீட்டித் தெருவில் விட்டனர். துவிச்சக்கரவண்டியைப் பூட்டாது விடுதல் நகரச் சட்டத்துக்கு மாறு எனக் கூறிப் பொலிசார் அவற்றைக் கைப்பற்றினர். குழுவினர் எண்பூட்டுக்களை வாங்கி மாட்டி, திறக்கும் எண்ணை வண்டியின் மீதே எழுதிவைத்தனர் என்பர்! 1966ஆம் ஆண்டுத் தேர்தலிலே புரோவோக் குழுவுக்கு மாநகரசபையில் ஓர் ஆசனம் கிடைத்தது. பின்னர் அவ்வாசனத்தில் அமர்ந்த ஸ்கிம்மல்பெனிங் தம் திட்டத்தை மீண்டும் முன்வைத்தார். ஏனைய உறுப்பினர் ஒருவரும் ஆதரிக்கவில்லை என்றும், துவிச்சக்கரவண்டி சென்றகாலத்துக்குரியது என்றே அவர்கள் கருதினர் என்றும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

இங்கே வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. வெள்ளை வண்டிகள் யாவும் களவு போயின, கால்வாய்களில் எறியப்பட்டன, ஆகவே திட்டம் தோற்றது என்னும் கதை நூல்கள் பலவற்றில் இன்றும் காணப்படுகின்றது. உண்மையில் அம்ஸ்ரடாமிலே அத்திட்டம் சோதிக்கப்படவேயில்லை. 20,000 கேட்ட இடத்தில் ஒரு சிலவே தெருவுக்கு வந்தன. அவற்றையும் முதலில் அப்புறப்படுத்தியவர் கள்வரல்லர், காவலரே. நகரத்து மாந்தர் மீது சுமத்தப்பட்ட இப்பழி பொருத்தமற்றது. எனினும் பழங்கதைக்கு வலிமை அதிகம். பின்வந்தோர் அனைவரும் 'களவை எவ்வாறு தடுப்பது?' என்பதையே முதல் வினாவாகக் கொண்டனர். 'செலவை யார் தாங்குவது?' என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

களவு பற்றிய அச்சம் ஆதாரமற்றது என நாம் கூறவில்லை. இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் நகரம் 1993ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 வண்டிகளைப் பூட்டின்றி விட்டுப் பார்த்தது. அவை மிக விரைவில் மறைந்தன. கொப்பன்ஹேகன் 1995ஆம் ஆண்டில் வேறுவழி கண்டது. 20 குரோணர் நாணயம் ஒன்றை இட்டால் வண்டி விடுபடும்; திருப்பிப் பூட்டினால் நாணயம் மீளும். வேறெந்த வண்டிக்கும் பொருந்தாத உறுப்புக்களால் அவ்வண்டிகள் ஆக்கப்பட்டன. ஆயினும் நாணயத்துக்கு முகமில்லை. இட்டவர் யார் என்பதை அது கூறாது. 1996ஆம் ஆண்டில் போட்ஸ்மத் பல்கலைக்கழகத்திலும் 1998ஆம் ஆண்டில் பிரான்சின் ரென் நகரத்திலும் நாணயத்தின் இடத்தை அட்டை பிடித்தது. அட்டை எடுத்தவரின் பெயரை அறியும். பெயரறியாதார்க்கும் உரியதாயிருந்த வெள்ளை வண்டி இவ்வாறு பெயர் பதிந்தவர்க்கு மட்டும் உரியதாயிற்று.

ரென் நகரத்து ஏற்பாட்டில் மற்றொரு புதுமையும் இருந்தது: வண்டிகளை நடத்தியது ஒரு விளம்பர நிறுவனம். 2005ஆம் ஆண்டில் லியோன் நகரமும், 2007ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி பாரிஸ் நகரமும் இவ்வழியையே பெரிய அளவிற் பின்பற்றின. பாரிஸ் ஏற்பாட்டுக்கு 'வெலிப்' என்று பெயர். துவிச்சக்கரவண்டி, விடுதலை என்னும் பொருளுடைய இரு பிரெஞ்சுச் சொற்களின் புணர்ப்பு அது. சில மாதங்களுள் ஏறத்தாழ 20,000 வண்டிகளும் 1,400க்கு மேற்பட்ட நிலையங்களும் அமைந்தன. ஆண்டுச் சந்தா 29 யூரோ; அதாவது நாளொன்றுக்கு எட்டுச் சதம். ஒவ்வொரு பயணத்தின் முதல் முப்பது நிமிடத்துக்குக் கட்டணமே இல்லை. முதலாண்டிலேயே இரண்டு கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் நிகழ்ந்தன.

எட்டுச் சதத்தில் இது எவ்வாறு இயலும்? ஜேசி தெக்கோ என்னும் விளம்பர நிறுவனம் பத்தாண்டுக்கு வண்டிகளையும் நிலையங்களையும் அமைத்து நடத்தும். பயணிகளின் கட்டணம் நகரத்தைச் சேரும். பதிலாக நகரம் 1,628 விளம்பரப் பலகைகளின் உரிமையை நிறுவனத்துக்கு அளிக்கும். வரியிறுப்போரின் பணத்தில் ஒரு சதமும் செலவாகாது எனப் பலர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி கணக்கறியாதார் மகிழ்ச்சி என்றே கூறவேண்டும். நகரத்தின் தெருவோரமும் நகரத்தின் சொத்தே. அதனை ஏலத்தில் விட்டிருப்பின் வந்திருக்கக்கூடிய வருமானமே வண்டிகளுக்காக நகரம் இறுத்த விலை. கைவிட்ட வருமானம் வரவுசெலவுத் திட்டத்தில் தோன்றாமையால் அது செலவன்று என்றாகிவிடாது.

களவும் சேதமும் எதிர்பார்த்த அளவை மிஞ்சின. 2009ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியளவில் ஏறத்தாழ 8,000 வண்டிகள் களவு போயிருந்தன, 16,000 சேதமுற்றிருந்தன. குறிப்பிட்ட வீதத்துக்கு மேற்படக் காணாமற்போகும் ஒவ்வொரு வண்டிக்கும் 400 யூரோ தருவதற்கு நகரம் உடன்பட நேர்ந்தது. செலவில்லாத் திட்டத்தின் செலவு இவ்வாறு வெளிப்படத் தொடங்கியது.

எமது கருத்தில், களவினும் நுண்ணியது மேட்டின் சிக்கல். பாரிஸ் சமதரையன்று, மொன்மார்த்திரும் பெல்வில்லும் குன்றுகள். காலையில் மக்கள் மேட்டிலிருந்து வண்டியில் இறங்குவர். மாலையில் சுரங்கரயிலில் ஏறித் திரும்புவர். இருபத்திரண்டு கிலோ எடையுள்ள வண்டியை மேடு நோக்கி மிதிப்பதற்கு யார்க்கு மனம் வரும்? மேலுள்ள நிலையங்கள் வெறுமையாயின. கீழுள்ளவை நிரம்பி, வருவோர்க்கு வண்டியைப் பூட்ட இடமின்றிப் போயிற்று. மேட்டு நிலையங்களில் வண்டியைச் சேர்ப்போர்க்குப் பதினைந்து நிமிடம் மேலதிகமாக இலவசம் என 2008ஆம் ஆண்டில் நகரம் அறிவித்தது. அஃதும் போதாமையால் வண்டிகளை லொறிகளில் ஏற்றி மேலே கொண்டுசெல்லும் பணி தொடர்ந்தது. துவிச்சக்கரவண்டி எண்ணெயின்றி ஓடும் என்பது உண்மை. துவிச்சக்கரவண்டித் திட்டமோ எண்ணெயின்றி ஓடவில்லை. ஸ்கிம்மல்பெனிங்கின் கணக்கில் இந்த லொறி இல்லை. வண்டியின் விலை இத்தகைய திட்டத்தில் ஒரு சிறு கூறே. நிலையம், திருத்துநர், லொறி, கணினி ஆகியவையே பெருஞ்செலவு.

இனிப் பயனை நோக்குவாம். இவ்வண்டிகள் மோட்டார் வாகனங்களைக் குறைத்தன என்று ஆதரவாளர் கூறுவது பெரும்பாலும் மிகைக்கூற்று. நகரங்கள் பலவற்றிற் கணித்துப் பார்த்தபோது, ஏறியவருட் பெரும்பாலார் முன்பு நடந்தோ பேருந்திலோ ரயிலிலோ சென்றவர் என்பதும், காரைக் கைவிட்டவர் சிறுபான்மையினர் என்பதும் தெரியவந்தன. எனினும் இதனாற் பயனில்லை என முடித்தலும் பொருந்தாது. நிரம்பி வழியும் ரயிலிலிருந்து ஒருவர் இறங்குவதும் பயனே. இலண்டன் திட்டம் பற்றி 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, உடற்பயிற்சியால் விளையும் நன்மை விபத்தாலும் மாசாலும் நேருந் தீமையிலும் மிக்கது என்றும், அந்நன்மை ஆண்களுக்கும் வயதில் மூத்தோர்க்குமே தெளிவாகப் புலப்பட்டது என்றும் கண்டது. மேலும், 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் வேலைநிறுத்தத்தாற் பாரிஸ் சுரங்கரயில்கள் நின்றபோது, மக்கள் இவ்வண்டிகளையே நாடினர். நெருக்கடிக் காலத்திற் கைகொடுக்கும் ஊர்தியின் மதிப்பு யாதென்பதை, 1990களில் எண்ணெயின்றித் துவிச்சக்கரவண்டியிலேயே வாழ்க்கை நடத்திய யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

ஏனைய நகரங்கள் வேறுவேறு புரவலரைத் தேடின. இலண்டன் வண்டிகள் 2010ஆம் ஆண்டில் ஒரு வங்கியின் நீல நிறத்தோடு வந்து, 2015ஆம் ஆண்டில் மற்றொரு வங்கியின் செந்நிறத்துக்கு மாறின. நியூயோர்க்கில் வேறொரு வங்கி 41 மில்லியன் டொலர் அளித்தது. யாருடைய நிறமும் வேண்டாம் என்றே புரோவோக் குழுவினர் வெள்ளையைத் தெரிந்தனர் போலும். சீனாவிலோ நிலையமே இல்லாத வண்டிகள் தோன்றின. பீக்கிங் பல்கலைக்கழக மாணவர் 2014ஆம் ஆண்டில் தொடங்கிய ஓபோ நிறுவனம் பயணிகளிடம் முதலில் 99 யுவானும் பின்னர் 199 யுவானும் பிணைப்பணமாகப் பெற்றது. 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அப்பணத்தை மீளக்கேட்டு வரிசையில் நின்றனர். நடைபாதையை அடைத்துக் குவிந்துகிடந்த வண்டிகளை அள்ளும் வேலை நகரங்களின் தலையில் விழுந்தது.

பாரிசின் பத்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின், 2018ஆம் ஆண்டு தொடக்கத்திற் பொறுப்பேற்ற புதிய நிறுவனம், வாக்களித்த நிலையங்களுள் ஒரு சிறுபகுதியையே உரிய நாளில் திறந்தது. பல நிலையங்களுக்கு மின்னிணைப்புக் கிடைக்கவில்லை; சந்தாகாரர் ஆயிரக்கணக்கில் விலகினர்; தண்டப்பணமும் விதிக்கப்பட்டது. திட்டம் மீண்டு எழ ஓராண்டுக்கு மேற்சென்றது. ஆயினும் புதிய ஏற்பாட்டில் ஒரு நேர்மை உண்டு. விளம்பரப் பலகையின் பின் மறையாது, பாரிசும் அயல் நகரசபைகளும் தத்தம் பங்கை வெளிப்படையாக இறுக்கின்றன. மேடேறுதற்கு மின்விசை வண்டிகளும் சேர்க்கப்பட்டன.

பூட்டில்லாத வெள்ளை வண்டியைக் காண விரும்புவோர் இன்றும் ஒல்லாந்துக்கே செல்லவேண்டும். அந்நாட்டின் ஹோகே வெலுவே வனப்பூங்காவிலே, 1970களின் நடுப்பகுதி முதலாக, வெள்ளை வண்டிகள் வருவோர்க்கு இலவசமாக விடப்பட்டுள்ளன; இப்பொழுது அவை ஏறத்தாழ 1,800. எவரும் எடுத்து ஓட்டலாம், எவ்விடத்தும் விட்டுச்செல்லலாம். பூங்காவைச் சுற்றி வேலியுண்டு; வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும்.