தாய்பெய் – சாங்காய் வான்வழி

தைவானின் தாய்பெய் நகருக்கும் சீனாவின் சாங்காய் நகருக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 690 கி.மீ. ஆகும். இன்று விமானம் இத்தொலைவை ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கடக்கிறது. ஆனால் 1949 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நகரங்களுக்கு இடையே நேரடி விமானம் எதுவும் இல்லை. வரைபடத்தில் அளவுகோல் வைத்துத் தொலைவை அளக்கும் மாணவருக்கு இது விளங்காது. காரணம் புவியியலில் இல்லை, அரசியலில் இருந்தது.

உள்நாட்டுப் போரில் தோற்ற குவோமின்டாங் அரசு 1949 டிசம்பரில் தாய்பெய்க்கு இடம் பெயர்ந்தது. அதனுடன் படைவீரர்களும் குடும்பத்தினருமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தைவானுக்கு வந்தனர். பெற்றோரையும் மனைவி மக்களையும் அக்கரையில் விட்டு வந்தவர் பலர். கப்பல், விமானம், அஞ்சல் என எல்லாத் தொடர்பும் அறுந்தது. 1979 சனவரி 1 அன்று சீனா இத்தொடர்புகளை மீட்க அழைத்தது, தைவான் ஏற்கவில்லை. 1987 நவம்பரில்தான் உறவினரைக் காணச் சீனா செல்லத் தைவான் தன் மக்களுக்கு அனுமதி அளித்தது. இளைஞராகப் பிரிந்தவர்கள் முதியவர்களாக ஊர் திரும்பினர். பெற்றோரின் கல்லறையை மட்டுமே கண்டவர்களும் உண்டு.

அப்போதும் நேர்வழி திறக்கவில்லை. தாய்பெயிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 800 கி.மீ. பறந்து ஆங்காங்கில் இறங்கி, வேறு விமானம் ஏறி, வடக்கு நோக்கி மேலும் 1,200 கி.மீ.க்கு மேல் செல்ல வேண்டும். ஆக, 690 கி.மீ. பயணம் 2,000 கி.மீ. ஆயிற்று, காத்திருப்பையும் சேர்த்தால் பெரும்பாலும் அரைநாள் கழிந்துவிடும். தைவான் முதலாளிகள் சாங்காய்ப் பகுதியில் ஆலைகள் நிறுவிய பின் இந்தச் சுற்றுவழியில் நெரிசல் மிகுந்தது. ஆங்காங்குக்கு இதனால் நல்ல வருவாய்.

2003 சீனப் புத்தாண்டின்போது தைவான் விமானங்கள் மட்டும் சிறப்புப் பயணமாகச் சாங்காய் சென்றன. வழியில் ஆங்காங்கிலோ மக்காவுவிலோ தரையிறங்க வேண்டியிருந்தது. 2005 புத்தாண்டில் இருதரப்பு விமானங்களும் பறந்தன, தரையிறங்கவும் தேவையில்லை. ஆயினும் ஆங்காங் வான்பரப்பைத் தொட்டே செல்ல வேண்டும் என்பது விதி. நேராகப் பறந்தால் தன் பாதுகாப்புக்கு ஊறு நேரும் எனத் தைவான் அஞ்சியது. இறங்கவும் வேலையில்லாத ஊரின் மேல் எரிபொருளைச் செலவிட்டு வளைந்து போனது விந்தைதான்.

2008 மே மாதம் மா யிங்-சியோ தைவான் அதிபரானார். சூலை 4 அன்று வார இறுதிச் சிறப்பு விமானங்கள் தொடங்கின; அவையும் அதே சுற்றுவழியில் சென்றன. நவம்பரில் தாய்பெயில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, 2008 டிசம்பர் 15 அன்று கிழக்குச் சீனக் கடல் மேல் நேரடித் தடம் திறக்கப்பட்டது. இருதரப்பு விமானக் கட்டுப்பாட்டு நிலையங்களும் விமானங்களை நேரடியாக ஒன்றிடம் ஒன்று ஒப்படைத்தன. பயண நேரம் ஒரு மணிக்கு மேல் குறைந்தது. அன்றே நேரடிக் கப்பலும் அஞ்சலும் தொடங்கின. 2009 ஆகத்து 31 முதல் முறையான கால அட்டவணைச் சேவை நடைமுறைக்கு வந்தது.

தரையில் கழிந்த நேரம் மட்டும் எஞ்சியிருந்தது. தாவோயுவான், பூடோங் இரண்டுமே நகருக்கு வெகு வெளியே உள்ள விமான நிலையங்கள். 2010 சூனில், ஊருக்குள்ளேயே இருக்கும் சோங்சான், ஓங்சியாவோ நிலையங்களுக்கு இடையிலும் விமானங்கள் ஓடத் தொடங்கின.