சென்னைப் பெருநகர்ப் பகுதி

சென்னை எங்கே முடிகிறது என்று கேட்டால், பதில் கேட்கும் துறையைப் பொறுத்தது. மாநகராட்சியின் எல்லை 2011 விரிவாக்கத்துக்குப் பின் சுமார் 426 சதுர கிலோமீட்டர். பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் திட்டப் பகுதியோ நீண்டகாலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022இல் 5,904 ஆக விரிந்தது. அந்தக் கோட்டுக்குள் வயலும் ஏரியும் கிராமமும் ஏராளம். அதற்குள்ளேயே இருக்கும் ஆவடியும் தாம்பரமும் இன்று தனி மாநகராட்சிகள்.

புறநகரை வளர்த்தது முதலில் ரயில்தான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், பல்லாவரம், குரோம்பேட்டை போன்ற ஊர்கள் நகரத்தோடு ஒட்டிக்கொண்டன. பிறகு தொழிற்சாலைகள்: பெரம்பூரில் 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, 1990களின் இறுதியில் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் கார் உற்பத்தி. தெற்கே, 2000இல் தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலையின் முகமே மாறியது.

அந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தது பள்ளிக்கரணை. தென்சென்னையின் மழைநீர் வந்து தங்கும் சதுப்புநிலம் அது. குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் அதைச் சுருக்கிவிட்டன. எஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தாமதமான அங்கீகாரம்தான். 2015 வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் ஏற்கெனவே மூழ்கி எழுந்திருந்தன.

நகரின் விளிம்பு தெற்கே நகர, பேருந்து நிலையமும் நகர்ந்தது: தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து, 2023 இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு மாறின. வண்டலூருக்கு அருகிலுள்ள அந்த நிலையத்திலிருந்து கோயம்பேடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.