ஜெஜுவும் சின்னப்பாலமும்

தென் கொரியாவின் ஜெஜு தீவில் முக்குளிக்கும் பெண்கள் ஹேனியோ. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் முக்குளிப்பவர்களைப் ‘பாசி எடுக்கும் பெண்கள்’ என்கிறோம். இருவரிடமும் ஆக்சிஜன் உருளை கிடையாது. அடக்கிய மூச்சுதான் மூலதனம். ஹேனியோ மேலே வந்து விடும் மூச்சு சீழ்க்கைபோல ஒலிக்கும். அதற்குச் ‘சும்பிசோரி’ என்று பெயரே உண்டு. அவர்களின் மிதவை முன்பெல்லாம் சுரைக்குடுக்கை. கிணற்றில் நீச்சல் பழக நம் பிள்ளைகள் முதுகில் கட்டிக்கொண்ட அதே குடுக்கை! இன்று அங்கே ரப்பர் உடை வந்துவிட்டது. இங்கே சேலைக்கு மேல் ஒரு சட்டை, நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் சுற்றிய துணி.

ஹேனியோ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அபலோன் என்னும் விலையுயர்ந்த கடல் நத்தை. ஆனால் அவர்களும் பாசி எடுக்கிறார்கள். ஜெஜுவின் உமுத்கசாரியும் நம் மரிக்கொழுந்துப் பாசியும் தாவரவியலில் ஒரே வரிசை. இரண்டும் தருவது அகர். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சித் துண்டு போடும் ‘கடல்பாசி’ அதுதான்.

கடலில் தாமே வரம்பு வகுத்துக்கொள்வதிலும் இருவரும் உறவுதான். ஜெஜுவில் ஆழமில்லாத பகுதியை மூதாட்டிகளுக்கென ஒதுக்கி ‘ஹல்மங் படாங்’ என்பார்கள்: பாட்டியின் கடல். சின்னப்பாலத்தில் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசி. உலோகச் சுரண்டியை விட்டுக் கையால் பறிக்கிறார்கள்.

பாதை பிரிவது சட்டத்தில். ஜெஜுவில் ஊர் மீனவர் சங்கத்துக்கே கரைக்கடலின் உரிமை. 2016இல் யுனெஸ்கோவும் ஹேனியோ மரபைப் பட்டியலில் சேர்த்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அங்கே தலைமுறையாகப் பாசி எடுத்தவர்கள் அத்துமீறுவோர் ஆனார்கள். 2015இல் கடல் பாதுகாப்புக்காகச் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு பரிசளித்தது சின்னப்பாலத்துப் பாசிப் பெண் ஒருவருக்கு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதனால் ஜெஜுவைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. உரிமை இருந்தும் மகள்கள் வரவில்லை. இன்றைய ஹேனியோக்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பவளப்பாறைக்குப் பூங்கா வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் பெண்கள் தாமாக விதித்துக்கொண்ட அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கைப் பூங்காவின் மேலாண்மைத் திட்டத்தில் வனத்துறை எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஜெஜு வரை போகத் தேவையில்லை.