தலைவரை இழந்த படை

தோற்ற படைகளின் கதை வரலாற்றில் ஏராளம். வென்ற படைகளின் கதையும் ஏராளம். தன் பங்குக்கு வெற்றி பெற்றும், அவ்வெற்றியால் ஒரு பயனும் அடையாது, பகைவன் நாட்டின் நடுவே அகப்பட்டுக்கொண்ட படையின் கதை அரிது. அத்தகைய படை ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கதை நிகழ்ந்த காலம் கி.மு. 401-ஆம் ஆண்டு. நிகழ்ந்த இடம் இன்றைய துருக்கியும் ஈராக்கும் அடங்கிய நிலப்பரப்பு. அன்று அது பாரசீகப் பேரரசின் ஒரு பகுதி. நிகழ்ந்ததை எழுதி வைத்தவர் அப்படையோடு சென்ற ஏதென்ஸ் நகரத்து ஸெனபோன். அவருடைய நூலின் பெயர் 'அனபாஸிஸ்'. கடற்கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி மேலேறிச் செல்லுதல் என்பது அச்சொல்லின் பொருள்.

இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இக்கதை இன்றும் மாண்டுவிடவில்லை. அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஜான் ஹெம்ரி என்பவர், ஜாக் காம்பெல் என்னும் புனைபெயரில், 'தொலைந்த கப்பற்படை' என்று பொருள்படும் தலைப்புடைய நாவல் வரிசையை 2006-ஆம் ஆண்டில் தொடங்கினார். முதற்கதை ஆறு நாவல்களாக விரிந்து 2010-இல் முடிவுற்றது. விண்மீன்களுக்கிடையே நடக்கும் நெடும்போரில், ஒரு கப்பற்படை பகைவனின் தாயகத்திற்குள் சூழ்ச்சியால் இழுக்கப்பட்டு அங்கே சிக்கிக்கொள்கிறது. பேச்சு வார்த்தைக்குச் சென்ற தளபதிகள் வஞ்சிக்கப்படுகின்றனர். எஞ்சியவர்களை ஒருவன் வீடு சேர்க்கவேண்டும். கப்பல்களும் விண்மீன்களும் புதியவை. எலும்புக்கூடு மட்டும் ஸெனபோனுடையது. ஆகவே மூலக் கதையை அறிந்துகொள்வது இரட்டிப்புப் பயன் தருவதாகும்.

பாரசீக மன்னர் இரண்டாம் தாரியஸுக்கு மைந்தர் பலர். அவர்களுள் மூத்தவர் அர்த்தக்ஸெர்க்ஸஸ், இளையவர் ஸைரஸ். தந்தைக்குப்பின் மூத்தவர் அரியணை ஏறினார். தம்பி தமக்கு எதிராகச் சதி செய்வதாகத் திஸ்ஸபெர்னஸ் என்னும் ஆளுநர் கோள் மூட்ட, மன்னர் ஸைரஸைச் சிறை செய்தார். தாய் பரிசாட்டிஸ் இடைநின்று மகனை மீட்டாள். மீண்டு வந்த ஸைரஸ், தமையனைத் தொலைத்து அரசைக் கைப்பற்றுவது என்று உறுதி பூண்டார். அதற்கெனக் கிரேக்கக் கூலி வீரர்களைத் திரட்டலானார்.

ஆனால் உண்மை நோக்கத்தை அவர் வீரர்களிடம் வெளியிடவில்லை. பிஸிதியர் என்னும் மலைவாணர்களை அடக்கப் போவதாகவே சொன்னார். தார்ஸஸ் நகரை அடைந்தபோது வீரர்களுக்கு ஐயம் பிறந்தது. மேலும் நடக்க மறுத்தனர். திங்களுக்கு ஒரு பொற்காசாக இருந்த கூலியை ஒன்றரைக் காசாக உயர்த்தி அவர்களை அமைதிப்படுத்தினார்கள். யூப்ரடீஸ் ஆற்றங்கரையை எட்டிய பிறகுதான், தாங்கள் பேரரசரையே எதிர்க்கச் செல்கிறோம் என்பது அவ்வீரர்களுக்கு வெளிப்படையாகக் கூறப்பட்டது. திரும்பிச் செல்லவும் இயலாத தொலைவு அது.

போர் பாபிலோனுக்கு வடக்கே குனாக்ஸா என்னும் இடத்தில் நிகழ்ந்தது. போருக்கு முன் எடுத்த கணக்கில், கனத்த கேடயம் தாங்கிய கிரேக்க வீரர் 10,400 பேர். இலகு படையினர் 2,500 பேர். தம் எதிரே நின்ற படையை அவர்கள் எளிதில் ஓட்டிவிட்டனர். ஆனால் களத்தின் மற்றொரு புறத்தில் ஸைரஸ் தமையனைக் கண்டதும் அடக்கமிழந்து பாய்ந்து சென்று உயிரிழந்தார். யாருக்காகப் போரிட்டார்களோ அவர் இறந்துவிட்டார் என்னும் செய்தி, வெற்றிக் களிப்பில் இருந்த கிரேக்கருக்கு மறுநாட் காலையில்தான் எட்டியது.

ஆயுதங்களை ஒப்படையுங்கள் என்று மன்னரிடமிருந்து ஆள் வந்தது. கிரேக்கர் மறுத்தனர். பின்னர்த் திஸ்ஸபெர்னஸ் நல்லவர் போல வந்து, ஊருக்கு அழைத்துச் செல்வதாக ஆணையிட்டு உடன்படிக்கை செய்தார். படை டைகிரீஸ் ஆற்றை ஒட்டி வடக்கே நடந்தது. பெரிய ஸாப் ஆற்றங்கரையில், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட ஐயங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று திஸ்ஸபெர்னஸ் அழைத்தார். கிளியார்க்கஸ் முதலிய தளபதிகள் ஐவரும், அணித்தலைவர் இருபதின்மரும் அவருடைய கூடாரத்திற்குச் சென்றனர். அணித்தலைவர்கள் வாயிலிலேயே வெட்டப்பட்டனர். தளபதிகள் பிடிக்கப்பட்டுப் பின்னர்க் கொல்லப்பட்டனர்.

நிலைத்து நிற்கும் வீரர் எத்துணைப் பேர் இருப்பினும், தலைவர் இல்லாவிடின் அது படையாகாது என்பது படைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் முடிபு. திஸ்ஸபெர்னஸ் போட்ட கணக்கும் அதுவே. அன்றிரவு கிரேக்கர் பாசறையில் பலர் உணவு கொள்ளவில்லை, தீ மூட்டவில்லை, விழுந்த இடத்திலேயே கிடந்தனர். கணக்கு சரியாகிவிட்டது போலவே தோன்றியது.

அப்போது எழுந்தவர் ஸெனபோன். ஏறக்குறைய முப்பது வயதினர். அவர் தளபதி அல்லர், அணித்தலைவர் அல்லர், படைவீரர் பட்டியலிலும் இல்லை. கொல்லப்பட்ட புரொக்ஸீனஸ் என்னும் தளபதியின் நண்பராக உடன் வந்தவர். தத்துவ ஞானி சாக்ரட்டீஸின் மாணவர். அரைத்தூக்கத்தில் தம் தந்தையின் வீட்டின்மேல் இடி விழக் கனாக் கண்டு விழித்ததாகவும், பிறர் வந்து செய்யட்டும் என்று நான் ஏன் கிடக்கிறேன், இன்னும் எந்த வயதை எதிர்பார்க்கிறேன் என்று தம்மையே வினவிக்கொண்டதாகவும் அவர் எழுதுகிறார். உடனே புரொக்ஸீனஸின் அணித்தலைவர்களை எழுப்பினார். நள்ளிரவுக்குள் எஞ்சிய தலைவர்கள் அனைவரும் கூடினர். இறந்த ஒவ்வொருவருக்கும் பதிலாக ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொழுது விடிந்ததும் படை முழுவதும் கூடிக் கையுயர்த்தித் தன் தீர்மானங்களை உறுதி செய்தது. வண்டிகளும் கூடாரங்களும் எரிக்கப்பட்டன. ஸ்பார்ட்டா நாட்டுக் கைரிஸோபஸ் முன்னணியையும், ஸெனபோனும் டிமாஸியனும் பின்னணியையும் ஏற்றனர். வள்ளுவரின் முடிபு பொய்க்கவில்லை. அதை உணர்ந்தே அப்படை ஓரிரவில் தனக்குத் தலைவரைப் படைத்துக்கொண்டது.

புதிய தலைவர்களின் முதல் நாள் நன்றாக அமையவில்லை. பகைவரின் வில்லாளரும் கவண் வீசுவோரும் எட்ட நின்று தாக்கினர். திருப்பித் தாக்கக் கிரேக்கரிடம் கருவி இல்லை. ரோட்ஸ் தீவினர் கவண் வீசுவதில் வல்லவர் என்பது நினைவுக்கு வந்தது. மறுநாளைக்குள் இருநூறு பேர் கொண்ட கவண் அணியும், பொதி சுமந்த குதிரைகளைக்கொண்டு ஐம்பது பேர் அடங்கிய குதிரைப் படையும் அமைக்கப்பட்டன. இருப்பதைக்கொண்டு வேண்டியதை உண்டாக்கும் திறமையே அப்படையின் உயிராயிற்று.

ஒருநாள் பகைவருக்கு முன்னால் ஒரு குன்றின் உச்சியைப் பிடிக்க விரைந்து ஏறவேண்டியதாயிற்று. குதிரைமேல் இருந்தபடி ஸெனபோன் வீரர்களை ஊக்கினார். சொடெரிடஸ் என்னும் வீரன், நீர் குதிரையில் வருகிறீர், நானோ கேடயத்தைச் சுமந்து களைத்துப்போகிறேன் என்றான். ஸெனபோன் சினந்து பேசவில்லை. கீழே குதித்து, அவனை வரிசையிலிருந்து விலக்கி, அவன் கேடயத்தை வாங்கிச் சுமந்து நடந்தார். குதிரை வீரனின் மார்புக் கவசத்தோடு அச்சுமையும் சேர, அவர் திணறினார். மற்ற வீரர்கள் சொடெரிடஸை ஏசியும் அடித்தும் கேடயத்தைத் திரும்ப வாங்கச் செய்தனர்.

பின்னர்க் கார்தூகியர் மலைநாட்டில் ஏழு நாள் இடைவிடாப் போர். அதன்பின் ஆர்மீனியாவின் பனி. பனியின் வெண்மையால் கண் கெட்டவர் பலர். குளிரால் கால்விரல் அழுகியவர் பலர். கண்முன் கறுப்புப் பொருள் ஒன்றைப் பிடித்துச் செல்வது கண்ணுக்குக் காப்பு என்றும், இரவில் காலணியைக் கழற்றாவிடின் வார் தசைக்குள் புதைந்துவிடும் என்றும் ஸெனபோன் குறித்து வைத்திருக்கிறார். சாதாரணச் செய்திகள்தாம்; ஆயினும் உயிரைக் காத்தவை அவை.

கி.மு. 400-ஆம் ஆண்டில் ஒருநாள், முன்னணியில் பெருங்கூச்சல் எழுந்தது. பகைவர் தாக்குகின்றனர் என்று எண்ணி ஸெனபோன் குதிரையேறி விரைந்தார். அருகில் சென்றபோதுதான் அக்கூச்சல் கடல் என்னும் ஒரே சொல் என்று புரிந்தது. தேக்கிஸ் மலையின் உச்சியிலிருந்து கருங்கடல் தெரிந்தது. வீரரும் தலைவரும் ஒருவரை ஒருவர் தழுவி அழுதனர். கடற்கரையில் கிரேக்க ஊர்கள் இருந்தன. செரஸஸ் என்னும் ஊரில் எண்ணிப் பார்த்தபோது 8,600 பேர் இருந்தனர். புறப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர்.

இங்கே நாவலையும் வரலாற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். நாவலின் தலைவனான ஜான் கியரி, ஒரு நூற்றாண்டுக் காலம் உறைந்த துயிலில் கிடந்து மீட்கப்பட்டவன். பதவி பெற்ற நாள் அனைவருக்கும் முந்தியதாகையால் தலைமை அவனைச் சேர்கிறது. அவன் காணும் கப்பற்படையில், நெடும்போரினால் ஒழுங்கு சிதைந்துள்ளது. கலத்தலைவர்கள் கூடி வாக்களித்துப் போர்முறையைத் தீர்மானிக்கின்றனர். கைதிகளைக் கொல்வது வழக்கமாகிவிட்டது. கியரி இரண்டையும் ஒழிக்கிறான். அங்கே வாக்களிப்பது சீரழிவின் அடையாளம். ஸெனபோனின் படையிலோ வாக்களிப்பே உயிர் காத்தது. இவை முரண்பட்டவை போலத் தோன்றினும் முரணல்ல. கிரேக்கர் வாக்களித்தது தலைவரைத் தேர்ந்து, தேர்ந்தபின் அவருக்குக் கீழ்ப்படிவதற்காக. நாவலின் கலத்தலைவர்கள் வாக்களித்தது தலைவருக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதற்காக.

தலைவர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமையையும் கிரேக்க வீரர் விட்டுவிடவில்லை. கொட்யோரா என்னும் ஊரில் தளபதிகள்மேல் விசாரணை நடந்தது. மூவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஸெனபோன் தன்னை அடித்தார் என்று ஒருவன் முறையிட்டான். ஸெனபோன் அவனை அடையாளம் கண்டுகொண்டார். பனியில் நடக்க இயலாத நோயாளி ஒருவனைக் கோவேறு கழுதையில் ஏற்றி வரும்படி அவர் பணித்திருந்தது இவனிடமே. அவன் சுமையைத் தவிர்க்க எண்ணி, குழி தோண்டி நோயாளியைப் புதைக்கலானான். அப்போது அந்நோயாளி காலை அசைத்தான். உயிரோடிருக்கிறானே என்று அருகில் நின்றோர் கூவினர். இருந்தால் இருக்கட்டும், நான் சுமக்கமாட்டேன் என்றான் இவன். அதற்காகவே அடித்தேன் என்றார் ஸெனபோன். எப்படியும் அவன் இறந்துதானே போனான் என்று முறையிட்டவன் வாதாடினான். நாம் எல்லோரும் இறப்பவர்தாமே, அதற்காக உயிரோடு புதைக்கலாமா என்று ஸெனபோன் வினவினார். அடி போதாது என்று அவை முழங்கியது.

அப்படையை அறத்தின் உருவம் என்று நாம் போற்றிவிடக்கூடாது. அவர்கள் கூலிக்குப் போரிட வந்தவர்கள். வழியெல்லாம் பிறர் ஊர்களைக் கொள்ளையிட்டே வயிறு வளர்த்தனர். தாவோகியர் என்னும் மக்களின் அரணை அவர்கள் உணவுக்காகத் தாக்கியபோது, பெண்கள் குழந்தைகளைப் பாறையிலிருந்து வீசி எறிந்து தாமும் குதித்து மாண்டனர். இக்கொடிய காட்சியை எழுதியவரும் ஸெனபோனே. அவர் தம்மைப் படர்க்கையில் வைத்துத் தம் செயல்களைச் சற்று உயர்த்தியே எழுதுகிறார் என்பதும் அறிஞர் கருத்து. எனினும் இதை மறைக்காமல் விட்டமைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

கடலைக் கண்டபின், அச்சம் நீங்கியதும், அப்படையின் ஒற்றுமையும் தளர்ந்தது. ஹெராக்ளியாவில் அது மூன்றாகப் பிரிந்தது. பிரிந்தோர் இடருற்றபின் மீண்டும் கூடினர். கி.மு. 399-இல் எஞ்சியவர்கள் ஸ்பார்ட்டாவின் படையோடு சேர்ந்து மீண்டும் பாரசீகத்தோடு போரிடச் சென்றனர். பேரரசின் உள்ளே ஒரு சிறு படை புகுந்து மீள முடியும் என்பதைக் கிரேக்க உலகம் கண்டுகொண்டது. எழுபது ஆண்டுகள் நிறையுமுன் அலெக்ஸாண்டர் அவ்வழியே படை நடத்தினார்.

கிரேக்க மொழி பயிலும் மாணவர்க்கு இந்நூல் நெடுங்காலம் பாடநூலாக இருந்து வந்துள்ளது. நடை எளிது என்பது அதற்குக் காரணம். ஆசிரியத் தொழிலில் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில் நான் வேறொரு காரணமும் காண்கிறேன். ஊருக்குத் தொலைவில், கேட்பாரற்ற இடத்தில், சட்டம் எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு இந்நூலில் விடை இருக்கிறது. அந்தப் பதினாயிரவருக்கு அரசன் இல்லை, நீதிமன்றம் இல்லை, தாய்நாடும் அருகில் இல்லை. ஆயினும் கூடினர், தேர்ந்தனர், கீழ்ப்படிந்தனர், தவறு கண்டபோது தலைவரையும் நிறுத்திக் கேட்டனர். நோயாளி ஒருவனை விட்டுச் செல்வது எளிதாக இருந்த பனிவெளியில், அவனையும் சுமக்கவேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினார். அவ்வற்புறுத்தல் சரியே என்று பின்னர் அவை ஒப்புக்கொண்டது. அவர்கள் கடலை அடைந்ததற்குக் கவணும் குதிரையும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு இதுவும் காரணம் என்றே நான் கருதுகிறேன்.