பனிமலை நாட்டுப் பள்ளியும் ஊரும்

செகந்திராபாத் கண்டோன்மெண்டைச் சார்ந்த போவன்பள்ளியில் நாம் குடியேறிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுள் படைத்துறையைச் சேர்ந்தவை பல. அத்தகைய நண்பர் ஒருவர், லடாக்கின் தலைநகராகிய லேயில் பணிக்காலம் முடித்துத் திரும்பியபோது, ஒரு பை நிறைய உலர்ந்த ஆப்ரிக்காட் பழங்களைக் கொணர்ந்து தந்தார். பழத்தைக் காட்டிலும் அவர் கூறிய செய்தியே நம் மனத்தில் தங்கிற்று. "மழையே பெய்யாத ஊர் சார் அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குளிர்காலத்தில் தண்ணீரைக் கோபுரமாகக் கட்டி வைத்து, சித்திரையில் வயலுக்கு விடுகிறார்கள்" என்றார் அவர். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றே முதலில் எண்ணினோம். பிறகு தேடிப் படித்தோம். படித்ததன் பயனே இவ்வுரை.

லே நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஐப்பசி மாதத்து ஒரே இரவில் அவ்வளவும் கொட்டிவிடுவதுண்டு. எனவே அங்கே வேளாண்மை மேகத்தை நம்பியது அன்று; மலையுச்சியில் உறைந்து கிடக்கும் பனியாற்றை நம்பியது. பனி உருகி ஓடையாக இறங்க, அதனை வாய்க்காலில் திருப்பி வாற்கோதுமை பயிரிட்டு, கவரிமாவும் ஆடும் வளர்த்து அம்மக்கள் வாழ்ந்து வந்தனர். வாய்க்கால் நீரை முறைவைத்துப் பகிர்ந்தளிக்க ஊரார் ஒருவரை அமர்த்துவர். அவருக்குச் 'சுர்பொன்' என்று பெயர். நம் ஏரிப்பாசன ஊர்களில் இருந்த நீர்க்கட்டியை அறிந்தவர்களுக்கு இவரைப் பற்றி மேலும் விளக்க வேண்டுவதில்லை.

நீரைப் பங்கிடும் உரிமை இவ்வாறு ஊராரிடம் இருந்தது. கல்வியோ ஊருக்கு வெளியிலிருந்து வந்தது. முன்னாளில் எழுத்தறிவு புத்த மடங்களுக்குள் இருந்தது. 1834-ல் தொடங்கிய டோக்ரா படையெடுப்புக்குப் பின் லடாக், ஜம்மு அரசின் கீழ் வந்தது. 1885-ல் மொரேவிய சபையார் லேக்கு வந்தனர். 1889-ல் அங்கே ஒரு பள்ளியைத் திறந்தனர். ஜம்மு காஷ்மீர் அரசு பாரசீகத்தை விடுத்து உருதுவை ஆட்சிமொழியாக ஏற்றதும் அதே 1889-ஆம் ஆண்டுதான். அதன் பின்னர் அரசுப் பள்ளிகளில் உருதுவே பாடமொழியாயிற்று. லடாக்கியர் வீட்டில் பேசும் மொழியோ திபெத்திய மொழியின் இனத்தைச் சேர்ந்தது. உருதுவுக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தைச் சற்று நின்றுதான் கடக்க இயலுகிறது. மொரேவிய சபையைச் சேர்ந்த பிராங்கே என்பவர் 1904-ல் லேயிலிருந்து கல்லச்சில் ஒரு செய்தித்தாளை வெளியிட்டார். மக்கள் பேசும் வழக்கிலும் எழுத முற்பட்டவர் அவர். பழைய நூல்மொழியின் எழுத்துமுறையைச் சிதைக்கலாகாது என்பார் எதிர்த்தனர். அவ்வழக்கு அங்கே இன்னும் தீர்ந்தபாடில்லை. அப்பள்ளியின் ஆசிரியரான யோசேப் கெர்கன், விவிலியத்தைத் திபெத்திய மொழியில் ஆக்குவதிலேயே பல்லாண்டுகள் உழைத்தார். அந்நூல் 1948-ல் லாகூரில் அச்சேறியது. அதனைக் கண்ணால் காண அவர் இல்லை, 1946-லேயே மறைந்துவிட்டார்.

ஹைதராபாத்தில் வாழ்வோர்க்கு இதில் வியப்பு இராது. 1918-ல் தோன்றிய உஸ்மானியப் பல்கலைக்கழகம், இந்திய மொழி ஒன்றின் வாயிலாக உயர்கல்வி தந்த முதற் பல்கலைக்கழகம் என்னும் புகழுடையது. அதற்கெனவே ஒரு மொழிபெயர்ப்புத் துறையை முந்தைய ஆண்டில் நிறுவி, மருத்துவமும் பொறியியலும் உருதுவில் ஆக்கினர். அரிய முயற்சிதான், எம் போன்றோர் அதனை வணங்கத்தான் வேண்டும். ஆயினும் நிஜாமின் குடிகளுள் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசியது தெலுங்கும் மராத்தியும் கன்னடமுமே ஆகும். தாய்மொழிக் கல்வி என்று சொல்லும்போது, எவருடைய தாய் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

லடாக்கில் இந்த முரண் இன்னும் கடுமையாயிற்று. எட்டாம் வகுப்பு வரை உருதுவில் பயின்ற பிள்ளை, ஒன்பதில் திடீரென ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். பாடநூல்களும் பள்ளத்தாக்கிலும் சமவெளியிலும் எழுதப்பட்டவை. விளைவு யாது? 1990-களின் நடுவில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதிய அரசுப் பள்ளி மாணவருள் நூற்றுக்கு ஐவரே தேறினர். மற்றத் தொண்ணூற்றைந்து பேரும் மூடர் என்று எவராவது கூறுவாராயின், அவரையே முதலில் சீன மொழியில் கணக்குத் தேர்வு எழுதச் சொல்லலாம்.

1988-ல் கல்லூரிப் படிப்பை முடித்த லடாக் இளைஞர் சிலர், சோனம் வாங்சுக் என்பவரை ஒருவராகக் கொண்டு, மாணவர் கல்வி பண்பாட்டு இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். 1991-ல் சஸ்போல் என்னும் ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் தம் முறையைச் சோதித்தனர். 1994-ல் அரசும் ஊராரும் இயக்கத்தாரும் கூடிப் 'புதிய நம்பிக்கைத் திட்டம்' வகுத்தனர். அதன் உயிர்நாடி கிராமக் கல்விக் குழு. ஆசிரியர் வருகிறாரா, கூரை ஒழுகுகிறதா, பிள்ளை என்ன கற்கிறது என்று ஊரார் கேட்கலாயினர். வாய்க்காலைக் காத்த ஊர் பள்ளியையும் காக்கலாயிற்று. ஆசிரியர் எழுநூற்றுவர் பயிற்சி பெற்றனர். 1995-ல் அமைந்த லடாக் மலை வளர்ச்சி மன்றமும் இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. 2015-ல் தேர்ச்சி நூற்றுக்கு எழுபத்தைந்தாக உயர்ந்தது. ஃபே என்னும் ஊரருகில் இயக்கத்தார் அமைத்த பள்ளியிலோ, மெட்ரிகுலேஷனில் தவறியவர்களுக்கே முதலிடம். மண்ணை இடித்துக் கட்டிய அதன் சுவர்கள், தெற்கு நோக்கிய சாளரங்கள் வழியே வரும் வெயிலைத் தேக்கி, விறகும் கரியும் இன்றியே உறைகுளிரைத் தாங்கின.

இதற்குள் மலையும் மாறத் தொடங்கியிருந்தது. வெப்பம் கூடிச் சிறு பனியாறுகள் பின்வாங்கின. விதைப்புக் காலமாகிய ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகள் வறண்டன. மிக உயரத்துப் பனி உருகி நீர் வந்து சேர ஜூன் ஆயிற்று. குளிர்காலத்திலோ ஓடை நீர் எவருக்கும் பயனின்றிச் சிந்துநதியில் கலந்தது. செவாங் நோர்பெல் என்னும் அரசுப் பொறியாளர், குளிர்காலத்தில் மூடாது விட்ட குழாயின் நீர் மரநிழலில் உறைந்து கிடந்ததைக் கண்டார். ஓடும் நீர் உறையவில்லை. தேங்கி நின்றதே உறைந்தது. 1987-ல் புக்ட்சே என்னும் ஊருக்கு மேலே, நிழல் விழும் சரிவில் கற்சுவர்களைப் படிப்படியாக எழுப்பி ஓடையின் வேகத்தைத் தணித்தார். ஊருக்கு அணித்தாய்த் தாழ்வான இடத்தில் உருவான அப்பனித் தேக்கம், விதைப்புக்கு வேண்டிய காலத்திலேயே உருகிற்று. 2015-ல் அவர் பத்மஸ்ரீ பெற்றார்.

நண்பர் சொன்ன கோபுரம் இதன் அடுத்த படி. மேட்டிலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே கீழே ஊற்றாய் எழும். கடுங்குளிரில் தூவும் துளிகள் விழுந்து உறைந்து கூம்பாக வளரும். பரப்பில் விரிந்த பனியைவிடக் கூம்பின் மீது வெயில் படும் இடம் குறைவு. ஆகவே மெல்ல உருகும். 2013-14 குளிர்காலத்தில் வாங்சுக்கும் மாணவரும் சுமார் 20 அடி உயரத்துக்கு முதலாவதைக் கட்டினர். நிழலே இல்லாத இடத்தில் அது மே மாதம் வரை நின்றது. புத்த ஸ்தூபத்தின் வடிவம் இருந்தமையால் பனி ஸ்தூபம் என்றனர். கணக்குப் பாடத்தில் கூம்பின் பரப்பைக் கண்டுபிடிக்கத் திணறிய நம் பள்ளி நாட்களை நினைத்துக்கொண்டோம்; இப்படி ஒரு பயன் உண்டென்று அன்று எவரும் நமக்குச் சொல்லவில்லை!

எல்லாம் வெற்றி என்று எண்ணிவிடலாகாது. 2010 ஆகஸ்டு 5-ஆம் நாள் நள்ளிரவில் லேயின் மீது மேகம் வெடித்தது. மழையறியாத நாட்டின் மண்வீடுகள் சேற்றில் புதைந்தன. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகிய நாளை இந்நகரத்தார் மறக்கவில்லை. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறித் தப்பியவர் நூற்றைம்பதின்மர் என்பர். லேயில் ஏறித் தப்ப அத்தகைய மரங்கள்கூட இல்லை. ஸன்ஸ்கார்ப் பகுதியின் குமிக் என்னும் தொன்மையான ஊரிலோ பனியும் ஓடையும் குறைந்துகொண்டே வர, 2000-ஆம் ஆண்டையொட்டி ஊரார் ஒன்றுகூடி ஊரையே பெயர்ப்பதெனத் துணிந்தனர். கீழேயுள்ள வறண்ட சமவெளிக்கு ஆற்றிலிருந்து தாமே கால்வாய் வெட்டினர். வெட்டி முடிப்பதற்குள் ஆண்டுகள் பல ஓடின.

மொழியின் கணக்கும் இன்னும் நேராகவில்லை. உருதுவின் இடத்தைத் தொடக்க வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பிடித்தது. தேர்ச்சி உயர அதுவும் ஒரு காரணம். லடாக்கி மொழி ஒரு பாடமாக ஒதுங்கி நிற்கிறது. ஊர்ப்பள்ளி திருந்திய பின்னரும், வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை லேயின் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினர். ஸன்ஸ்கார்ச் சிறுவர் உறைந்த ஆற்றின் மீது பல நாள் நடந்து அங்குச் சென்று சேர்ந்தனர். மீண்டும் வீடு காண ஆண்டுகள் ஆனதுண்டு. ஊரில் நீர் பகிரும் முறையை அவர்கள் யாரிடம் கற்பார்கள் என்று சுர்பொன்கள் கேட்டால், அதற்கு விடை கூறுவது எளிதன்று.

நம் நண்பரிடம் இதனைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "என் பெண்ணுக்குத் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் மூன்றும் எழுத வரும் சார். தமிழ் பேசத்தான் வரும்" என்றார். நம் தெருவில் பெரும்பாலான வீடுகளின் நிலையும் அதுவே. பாட்டி உடனிருக்கும் இரண்டொரு வீட்டில் மட்டும், மாலையில் அரிச்சுவடி விரிக்கப்படுகிறது. வரும் ஞாயிறு முதல் அவ்வீடுகளில் ஒன்றுக்குத் தம் மகளை அனுப்புவதாக நண்பர் சொல்லியிருக்கிறார்.