கோர்டெஸ் கப்பலை எரித்தாரா?

"திரும்பிப் போற கப்பலை எரிச்சிடு, அப்பதான் ஜெயிப்ப." இந்த வசனத்தை ஏதாவது ஒரு ரீல்ஸ்ல கேட்டிருப்பீங்க. வேலையை விடலாமா, சேமிப்பைப் போட்டுத் தொழில் தொடங்கலாமான்னு தவிக்கிறவங்களுக்கு இதை மருந்து மாதிரி கொடுக்கிறாங்க. உதாரணமா காட்டப்படுறவர் ஸ்பெயின்காரரான ஹெர்னான் கோர்டெஸ். 1519-ல் மெக்சிகோ கரையில் உண்மையில் என்ன நடந்ததுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

1519 பிப்ரவரியில் கியூபாவிலிருந்து 11 கப்பல்கள், சுமார் 500 வீரர்கள், 16 குதிரைகளோடு கிளம்பினார் கோர்டெஸ். அவரை நியமித்த கவர்னர் டியேகோ வெலாஸ்கெஸ் கடைசி நேரத்தில் மனம் மாறி, போக வேண்டாம் என்றார். கோர்டெஸ் கேட்கவில்லை. திரும்பி வந்தால் சிறைதான் என்ற நிலை. ஆக, அவருக்கான திரும்பும் பாதை கியூபாவிலேயே அடைபட்டுவிட்டது.

ஆனால் கூட வந்தவர்களுக்கு அப்படி இல்லை. பலருக்குக் கியூபாவில் வீடு, நிலம் இருந்தது. சிலர் வெலாஸ்கெஸின் ஆட்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அவர்களில் ஒரு கூட்டம் கப்பல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கியூபாவுக்குத் தப்பத் திட்டமிட்டது. விஷயம் வெளியே வந்ததும் இருவரைத் தூக்கிலிட்டார் கோர்டெஸ். அதன் பிறகு, கப்பல்கள் கடலில் போகும் நிலையில் இல்லை என்று காரணம் சொல்லி, அவற்றைக் கரையில் மோதவிட்டார். இதை அவரே ஸ்பெயின் அரசருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதில் நெருப்பே கிடையாது. எரித்த கதையெல்லாம் பிறகு வந்தது.

கவனிச்சீங்களா? அவர் அறுத்தது தன்னோட பாதுகாப்பு வலையை இல்லை, மத்தவங்களோடதை.

ரீல்ஸ்ல சொல்லாத இன்னொன்னும் இருக்கு. கப்பல்களை அழிக்கும் முன்பே ஒரு கப்பலைத் தங்கத்தோடு ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டார். கவர்னரைத் தாண்டி அரசரிடம் நேரடி அங்கீகாரம் வாங்கும் முயற்சி அது. அழித்த கப்பல்களின் பாய்மரத்துணி, கயிறு, ஆணி, இரும்புச் சாமான் எல்லாம் கழற்றி எடுத்துக் கரையில் பத்திரப்படுத்தப்பட்டன. மாலுமிகள் சுமார் 100 பேர் படையில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த இரும்பு பின்னால் கைகொடுத்தது. 1520 ஜூன் 30 இரவு, அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானிலிருந்து ஸ்பானியர்கள் துரத்தப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஏரிக்கு நடுவே இருந்த அந்த நகரத்தைப் பிடிக்கப் படகுகள் தேவைப்பட்டன. மார்ட்டின் லோபெஸ் என்ற தச்சர் 13 சிறு கப்பல்களைக் கட்டினார். ட்லாக்ஸ்காலா மக்கள் ஆயிரக்கணக்கில் மரத்தை மலை தாண்டிச் சுமந்தார்கள். இரும்பும் கயிறும் பாய்த்துணியும் அந்தப் பழைய கப்பல்களில் கழற்றியவை. 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் வீழ்ந்தது. பல்லாயிரம் உள்நாட்டுக் கூட்டாளிகளின் பலமும், நகரத்தைச் சூறையாடிய பெரியம்மையும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஒரு நாகரிகத்தின் அழிவை ஒரு தனி மனிதரின் மன உறுதிக் கதையா என்னால சொல்ல முடியலை.

அப்போ மாற்றத்துக்காகப் பாதுகாப்பை விடவே கூடாதா? நான் அப்படிச் சொல்லலை. ஒரு கால் பழைய இடத்திலேயே இருந்தா நகர முடியாதுங்கிறது நிஜம். பழைய வேலைக்குத் திரும்பும் கதவை மூடுறது உங்களை முன்னால தள்ளலாம். ஆனா கதவை மூடுறது வேற, கையில இருக்கிறதையும் கொளுத்துறது வேற. ஆறு மாச வாடகை, கத்துக்கிட்ட தொழில், கூப்பிட்டா வர்ற நாலு பேர், இதெல்லாம் நீங்க கழற்றி எடுத்து வெச்ச ஆணிகள்.

அடுத்த முறை யாராவது கப்பலை எரின்னு சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. அந்தக் கப்பல்ல உங்க கூட வேற யாரெல்லாம் வீட்டுக்குத் திரும்பணும்? எரிக்கச் சொல்றவர் எந்தக் கரையில நிக்கிறார்?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.